மெழுகில் நான் படுக்க வைத்த துண்டு

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதத்தில், உறைபனி கொட்டிக் கிடந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. நீலகிரியில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அங்கே உடம்புச் சதைகளைப் பரிசோதிக்கும் லேபில் நான் டெக்னீஷியன். அப்போதே பதினாறு வருட சர்வீஸ். வீடு அரவேணுப் பக்கம். காலையில் ஆறரை மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு லேட் மார்க்தான்.

என் வேலையைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் எனக்குத் தடை உத்தரவே இருக்கிறது. ஆபரேஷனில் எடுத்த கட்டியோ, போஸ்ட்மார்ட்டத்தில் எடுத்த ஈரல் துண்டோ, அழுகாமலிருக்கப் பார்மலின் ஊற்றிய பாட்டிலில் எங்களிடம் வரும். அதைப் பக்குவம் செய்து மெழுகுக்குள் வைத்துக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை இயந்திரத்தில் மாட்டி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நீலமும் ரோஸும் ஏற்றி டாக்டர் மேஜைக்கு அனுப்புவோம். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். சாப்பிடும்போது கேட்கிற சங்கதியா இது? ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இந்த வேலைமேல் பைத்தியம். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிற ஒரு துண்டு, சாயம் ஏறியதும் ரோஜாத் தோட்டமாகிவிடும். அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எங்கள் மலையில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. தை மாதக் குளிரில் மெழுகு உடைந்து நொறுங்கும், சீவினால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வராமல் தூள்தான் வரும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. கட்டியின் மேல் வாயை வைத்து ‘ஹா’ என்று ஒரு சூடான மூச்சு விட்டு, உடனே இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சமவெளியில் வேலை பார்ப்பவர்கள் ஐஸ் வைத்துக் கட்டியைக் குளிர வைப்பார்கள். நாங்கள் ஜன்னல் திண்டில் வைத்தால் போதும்.

அந்த வாரம் ஒரு போலீஸ் ஏட்டு அட்டைப் பெட்டியில் ஏழெட்டுப் பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே வந்த கடிதத்தைப் படித்ததும் திக்கென்றது. எங்கள் ஊருக்குக் கீழே இருக்கிற எஸ்டேட் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், குடியிருந்த பெண். நாற்பது வயசு சொச்சம். விடியற்காலையில் வெந்நீர் வைக்கப் போய், பனியில் நனைந்த விறகு பற்றவில்லையென்று மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறாள். தீ குபீரென்று எழும்பிச் சேலையைப் பிடித்துக்கொண்டது. பாதி உடம்பு வெந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக நடந்ததுதான் என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் அவளே வாக்குமூலம் கொடுத்திருந்தாள். எங்கள் லேபில் அவளைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

தீயைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் கஞ்சியைப் பற்றி.

இறந்தவளுக்குப் பக்கத்து வீட்டில் ஐம்பதை எட்டிய ஓர் அக்கா இருந்தார். அவர் குடும்பத்தார் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள், உயிருக்குயிரான சிநேகிதிகள். பிறகு ஒருத்தியின் கோழி இன்னொருத்தியின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது என்று ஆரம்பித்த சண்டையில் இரண்டு மாதம் பேச்சே இல்லை. தீப்பிடித்த அன்று கம்பளியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியதும் அதே அக்காதான். அதற்கப்புறம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்துக் கிடந்திருக்கிறார். ஏழாம் நாள், ‘தண்ணியா ஏதாவது குடுக்கலாம்’ என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஸ்பூனில் ஊட்டினார். அன்றைக்குச் சாயந்திரமே அவள் கன்னங்கரேலென்று காப்பித் தூள் கரைத்தது மாதிரி வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

இறந்தவளின் நாத்தனார் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் பேசாதவள் திடீரென்று எதற்குக் கஞ்சி கொண்டுவர வேண்டும், அதில் என்ன கலந்தாளோ என்று போலீசில் எழுதியும் கொடுத்துவிட்டார். விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற துண்டுகள் எங்களுக்கு வராது. அவற்றை உப்புத் தண்ணீரில் போட்டு வேறு ஊர் லேபுக்கு அனுப்புவார்கள், பதில் வர மாதக்கணக்காகும். அதுவரை அந்த அக்காவை நினைத்தபோதெல்லாம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். லைனில் யாரும் அவர் கையால் பச்சைத்தண்ணீர் வாங்கவில்லை. கொழுந்து எடுக்க அவர் பக்கத்துச் செடி வரிசையில் நிரை பிடிக்கவும் ஆளில்லை. ‘கஞ்சிக்காரி’ என்று பேரே வைத்துவிட்டார்கள்.

நானும் லேசுப்பட்டவளில்லை, சொல்லிவிடுகிறேன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த அக்கா உட்கார்ந்த பெஞ்சில் நான் உட்காரவில்லை. பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் கர்ச்சீப்பைத் தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பாட்டுப் புத்தகம், டார்ச் லைட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து எடுத்து உள்ளே வைத்தேன்.

சரி, லேபுக்கு வருகிறேன். துண்டுகளை மெழுகில் வைக்கிற காலை. என்னோடு வேலை செய்பவர் பிக்கட்டி என்ற ஊர்க்காரர், என்னைவிட இளையவர், என் வாய்க்குச் சரியான ஜோடி. “ஏனுங்க்கா, உங்க ஊர் கஞ்சி கேஸ் இதுதானுங்களா?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரி ஆரம்பித்துவிட்டேன். கோழிச் சண்டையில் தொடங்கி, நாத்தனார் சொன்னது, ஏட்டு சொன்னது, பஸ்ஸில் ஆளாளுக்குச் சொன்னது எல்லாவற்றையும் கண் காது வைத்துச் சொன்னேன். வாய் பேசப் பேசக் கை தன்பாட்டுக்குத் துண்டுகளை எடுத்து மெழுகில் வைத்துக்கொண்டே போனது. அவளுடைய நுரையீரல், ஈரல், சிறுநீரகம், கடைசியாகக் குடல்.

மறுநாள் ஸ்லைடுகள் டாக்டர் மேடத்தின் மேஜைக்குப் போயின. எங்கள் மேடம் அதிகம் பேசமாட்டார். ஆனால் நல்ல ஸ்லைடு வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் எங்களிடம் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னப் பச்சை அம்பு, அதை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். அன்றைக்கு நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! தீ அவள் தோலைத்தான் தொட்டது. ஈரலையும் சிறுநீரகத்தையும் ஒரு பொறிகூட நெருங்கவில்லை. ஆனால் உள்ளே கெடாத மூலை ஒன்றுகூடப் பாக்கியில்லை. நுரையீரலில் காற்று நிற்கும் சின்னச் சின்ன அறைகளின் சுவரில் கண்ணாடி மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு படலம் ஒட்டிக் கிடந்தது. அது இருந்தால் காற்று எப்படி ரத்தத்துக்குப் போகும்? சிறுநீரகத்தின் குழாய்களில் செல்கள் செத்து உதிர்ந்து, குழாயையே அடைத்துக்கொண்டிருந்தன. ஈரல் செல்லுக்குள்ளெல்லாம் கொழுப்பு சொட்டுச் சொட்டாக நின்றது. வெளியே தோல் போனதும் உள்ளே ஒவ்வொரு உறுப்பும் அந்த எட்டு நாளும் மல்லுக்கட்டியிருக்கிறது என்று மேடம் சொன்னார். எனக்கு அவளை நினைத்து நெஞ்சு கனத்தது. அதே சமயம், பொய் சொல்லக் கூடாது, கண்ணை அதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை.

கடைசியாகக் குடல் ஸ்லைடு. இரைப்பைக்கு அடுத்து வருகிற சிறுகுடலின் ஆரம்பத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு கறுத்த இடம் இருந்ததாகப் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் எழுதியிருந்தார். புண்ணா, வெறும் ரத்தக் கறையா என்று பார்த்துச் சொல்லும்படி அந்த ஒரே ஒரு துண்டை அனுப்பியிருந்தார். மேடம் இப்படியும் அப்படியும் ஸ்லைடை நகர்த்தினார். உதட்டைப் பிதுக்கினார். துண்டை எடுக்கும்போதே கோணலாக எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, இதில் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ரிப்போர்ட்டில் குடலுக்கு எதிரே ‘பார்த்த அளவில் புண் காணப்படவில்லை’ என்று டைப் ஆனது.

என் மனசு என்ன சொன்னது தெரியுமா? அவ்வளவுதான், வயிற்றில் புண்ணே இல்லை, அப்புறம் கறுப்பு வாந்தி எங்கிருந்து வரும், கஞ்சியில்தான் விஷயம் என்றது. கோர்ட்டு கூட அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லாது.

சாயந்திரம் கிளம்பும் முன் மெழுகுக் கட்டிகளை நம்பர் பார்த்து டிராயரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் குடல் கட்டி கைக்கு வந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். குடல் துண்டென்றால் மெழுகுக்குள் ஒரு மெல்லிய கோடு மாதிரித் தெரிய வேண்டும். இது பிஸ்கட் மாதிரி அகலமாகத் தெரிந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? நடுவில் உடைத்துப் பக்கவாட்டில் பார்ப்பீர்கள். மேலே இருக்கிற அடுக்கை மட்டும் சீவி எடுத்தால் அந்த ஒன்றுதான் தெரியும், மற்ற அடுக்கு தெரியாது. குடலும் அப்படித்தான். உள்தோல், அதற்கடுத்த சதை, வெளித்தோல் என்று அடுக்கடுக்காக இருக்கும். அதனால் குடல் துண்டை மெழுகில் விளிம்பின்மேல் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் புண் எந்த அடுக்குவரை தோண்டியிருக்கிறது என்று தெரியும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த நான், வாய் பேசிக்கொண்டிருந்த ஜோரில், துண்டை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டேன்.

கோணல் துண்டில் இல்லை. என் கையில்.

கட்டியை டிராயரில் போட்டுச் சாத்தினேன். ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. சாத்தின டிராயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி போஸ்ட்மார்ட்டம் டாக்டரோடு போய்விடும், அவரும் கவலைப்படப்போவதில்லை. ரிப்போர்ட் டைப் ஆகிவிட்டது, நாளைக்குக் கையெழுத்து. பதினாறு வருட சர்வீஸில் என் பேரில் ஒரு குறிப்புக் கிடையாது. இதில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே சீவியதில் அந்தப் பட்டாணி அளவு இடம் மொத்தமாகச் சீவிப் போய்க் குப்பைக்குப் போயிருந்தால்? ஒரே துண்டு, வேறு கிடையாது. சொல்லியும் பயனில்லாமல் போனால் எனக்குத் தலைகுனிவு மட்டும்தான் மிச்சம்.

அந்த அக்காவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று நான் பொங்கி எழுந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நிஜமில்லை. அப்போதும் அவர்தான் செய்திருப்பார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். என் கைவேலை கோணலாகி டிராயருக்குள் கிடக்கிறது என்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பல்லில் மாட்டிய கறித்துணுக்கு மாதிரி அது நச்சரித்தது. மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மேடம் ரூமுக்குப் போய்விட்டேன். மேடம், அந்தக் குடல் துண்டைக் கோணலாக எடுத்தது அவர்கள் இல்லை, நான்தான் படுக்க வைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மேடம் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பழைய ஸ்லைடை எடுத்து வரச்சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ரோஸ் நிறத்தில் ஒரே பக்கம் ஓடுகிற நார் நாரான சதை. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இது வெளிப்பக்கத்துச் சதை! அப்படியென்றால் கத்தி முதுகுப் பக்கத்திலிருந்துதான் சீவியிருக்கிறது. உள்தோல் இன்னும் மெழுகுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, உருக்கித் திருப்பி வைங்க, ரிப்போர்ட்டை நான் நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

கட்டியை உருக்கினேன். துண்டு வெளியே வந்தது. இடுக்கியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழவென்று, மறுபக்கம் வெல்வெட் மாதிரி. அந்த வெல்வெட்டின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பள்ளம். முந்தாநாள் இதே இடுக்கியில் இதே துண்டைப் பிடித்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. பள்ளத்தின் நடுவே போகிற மாதிரி வெட்டி, விளிம்பின்மேல் நிமிர்த்தி நிறுத்தி, மெழுகு உறையும் வரை மூச்சுகூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிக்கட்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்னைக்கு என்கிட்டப் பேசாதீங்க சாமி என்று கும்பிட்டேன். ஜன்னல் திண்டில் வைத்த கட்டி நிமிஷமாகக் கல்லாகிவிட்டது.

பிறகு சீவ வேண்டும். அன்றைக்கென்று பார்த்து வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. முதல் சுற்று, தூள். இரண்டாவது சுற்று, தூள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பட்டாணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சக்கரத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். அப்புறம் கட்டிக்கு நேரே குனிந்து ‘ஹா’ என்று நீளமாக ஒரு மூச்சு விட்டுச் சுற்றினேன். வந்தது பாருங்கள் நாடா! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒன்றோடொன்று கைகோத்த மாதிரி, ஒரு கிழிசல் இல்லாமல். வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் அள்ளி எடுத்தபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். சாயம் ஏறி முடியும்வரை நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

மேடம் ஸ்லைடை வைத்தார். எதிரே நான். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்தோல் வரிசையாக வந்துகொண்டே இருந்து திடீரென்று அறுந்தது. அங்கே ஒரு பள்ளம், கிணறு மாதிரி இறங்கி, கீழே சதை அடுக்குவரை போயிருந்தது. பள்ளத்தின் அடியில் ஒரு ரத்தக்குழாய், வாய் திறந்தபடி.

“இது தீக்காயத்துல வர்ற புண்ணு,” என்றார் மேடம். பச்சை அம்பு பள்ளத்தின் அடிக்கு நகர்ந்தது. “அடியில பாருங்க, புதுச் சதை முளைக்க ஆரம்பிச்சிருக்கு. இது ஒரு நாள்ல வந்ததில்ல. மூணு நாலு நாளாவது ஆகியிருக்கும்.”

நான் விரலை மடக்கி எண்ணினேன். கஞ்சி கொடுத்தது ஏழாம் நாள். கறுப்பு வாந்தி அன்றைக்குச் சாயந்திரம். புண் அதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே வந்துவிட்டது. உடம்பு அதை ஆற்றப் பார்த்திருக்கிறது, ஆற்றுவதற்குள் அது ரத்தக்குழாயைத் தின்றுவிட்டது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் அமிலத்தில் கறுத்துத்தான் காப்பித் தூள் மாதிரி வந்திருக்கிறது. அந்த அக்கா கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கணக்கு முடிந்துபோயிருக்கிறது. மேடம், அப்ப கஞ்சி இல்லை, அந்தக்கா இல்லை என்று கத்தியே விட்டேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் அடங்கிவிட்டேன். விஷம் உண்டா இல்லையா என்பதை வேறு லேப் சொல்ல வேண்டும், நாம் பார்த்ததை மட்டும்தான் நாம் எழுத முடியும் என்றார். துண்டைத் திருப்பி வைத்ததைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதவைத்தார். எழுதி முடித்ததும் ஒன்று சொன்னார். “இனிமே பேரு ஊரு பார்த்து வேலை செய்யாதீங்க. நம்பர மட்டும் பாருங்க.” அதில் கோபமே இல்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

ரிப்போர்ட் போலீசுக்குப் போய்ச் சேரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் ‘கஞ்சிக்காரி’யைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்கள், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நேரே போய் அந்த அக்காவின் பெஞ்சில், அவரை ஒட்டி உட்கார்ந்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார், என் நல்லதுக்காக.

ரிப்போர்ட் போனது. ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது நின்றது. பல மாதம் கழித்து வேறு லேபிலிருந்தும் விஷம் எதுவும் இல்லை என்று பதில் வந்ததாக ஏட்டு சொன்னார். நாத்தனார் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. ஊரும் கேட்கவில்லை. அந்தப் பட்டப்பேரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ரிப்போர்ட் விஷயம் எஸ்டேட் முழுக்கத் தெரிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் லைனுக்கு இறங்கிப் போனேன். அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் எந்த லேபில் வேலை செய்கிறேன், என்ன செய்தேன் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றி வம்பு பேசிக்கொண்டே வேலை செய்ததில்தான் துண்டைத் தப்பாக வைத்தேன், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உங்களுக்குச் சாதகமான ஒரே சாட்சியும் டிராயருக்குள்ளேயே கிடந்திருக்கும் என்றும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அக்கா கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். “அது கெடக்கட்டும் புள்ள. உள்ள புண்ணு இருந்துச்சுன்னு சொல்றியே, நான் குடுத்த கஞ்சி அதுல பட்டு அவளுக்கு எரிஞ்சிருக்குமா?”

மைக்ராஸ்கோப்பில் அவ்வளவு பார்த்தேன், புண்ணுக்கு எத்தனை நாள் வயசு என்று எண்ணினேன், குதித்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டுச் சொல்கிறேன்க்கா என்று போனை எடுத்தால், லைனில் சிக்னல் கிடையாது. மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு வளைவில்தான் கிடைக்கும் என்றார். ஏறினேன். ஓடினேன் என்றே சொல்லலாம், செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. மேடம் போனை எடுத்ததும், லேபில் தீப்பிடித்துவிட்டதோ என்று பதறுகிற குரலில் என்ன என்ன என்றார். மூச்சு வாங்க, அக்கா கேட்டதை அப்படியே கேட்டேன்.

“எரிஞ்சிருக்காது,” என்றார் மேடம். “வயிறு காலியா கெடந்தாத்தான் அந்தப் புண்ணு இன்னும் மோசமாகும். தண்ணிக் கஞ்சி இதமாத்தான் இருந்திருக்கும். அப்படியே போய்ச் சொல்லுங்க.”

இறங்கி ஓடி வந்து, ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னேன். அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“ஏழு நாளா என்னப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் கெடந்தா. அந்தக் கஞ்சிய ரெண்டு வாய் குடிச்சிட்டு, உப்பு பத்தலன்னு சொன்னா புள்ள. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் எங்கிட்ட அவ பேசுனதே அதுதான்.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, ரொம்ப நேரம் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் கடைசியாகக் குடித்த கஞ்சியே அவளை வதைத்ததோ என்று அத்தனை நாளும் அவர் சாப்பிடாமல் உறங்காமல் கிடந்திருக்கிறார் என்பதும், ஊர் வைத்த பேரோ ஸ்டேஷன் படியோ அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்றைக்கும் தீக்காயக் கேஸ் பாட்டில் வந்தால் நான் பேரைப் பார்ப்பதில்லை, நம்பரை மட்டும்தான் பார்க்கிறேன். ஊர் முழுக்க, கஞ்சியில் என்ன கலந்தாள் என்று கேட்டது, நானும் அதையேதான் கேட்டேன். இறந்துபோனவளுக்கு வலித்திருக்குமா என்று கேட்கத் தோன்றியது, கொன்றவள் என்று நாங்கள் விரல் நீட்டிய அந்த ஒருத்தருக்கு மட்டும்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், பேசி ஓயாத என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.